பிரெக்ஸிட்டுக்குப் பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்து வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் கோயில் அன்னதான வரிசையிலும், தமிழ்ப் பள்ளி வாசலிலும், ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புகளிலும் அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. லண்டனில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை; எண்ணைக் குறித்திருக்கிறேன், அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. பிரெக்ஸிட், பிரெக்ஸிட்னு சொல்றாங்களே, நடந்தது என்னன்னு சுருக்கமா சொல்லுங்க.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்பது கேள்வி. விலக வேண்டும் என்று 1 கோடியே 74 லட்சம் பேரும், நீடிக்க வேண்டும் என்று 1 கோடியே 61 லட்சம் பேரும் வாக்களித்தார்கள். சதவீதத்தில் 51.9க்கு 48.1. நீடிக்கும் பக்கம் பிரசாரம் செய்த பிரதமர் டேவிட் கேமரன் மறுநாள் காலையிலேயே பதவி விலகுவதாக அறிவித்தார்.

உண்மையான விலகல் 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு நடந்தது. அதன் பிறகும் அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளே இடைக்கால ஏற்பாடாக ஓடின. ஆக, சாதாரண மனிதர்களின் வாழ்க்கையில் மாற்றம் தெரிய ஆரம்பித்தது 2021 ஜனவரி 1 முதல்தான். கீழே வரும் பல பதில்களுக்கு இந்தத் தேதியே எல்லைக்கோடு.

2. அப்ப முன்னாடி யூரோ காசுதான் வச்சிருந்தாங்களா? விலகினதால பவுண்டுக்கு மாறிட்டாங்களா?

இல்லை. பிரிட்டன் 1973-ல் அப்போதைய ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தது. 1975-ல் நடந்த முதல் வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் நீடிக்கவே சொன்னார்கள். ஆனால் யூரோ நாணயத்தில் அது சேரவே இல்லை. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியிலும் சேரவில்லை. இரண்டிலிருந்தும் விலக்கு வாங்கி வைத்திருந்தது.

விலகியதில் கைவிட்டுப்போனவை வேறு: பொருள்கள் தடையில்லாமல் போய்வரும் ஒற்றைச் சந்தை, பொதுவான சுங்க ஒன்றியம், மற்ற 27 நாடுகளில் எதிலும் போய் வாழவும் வேலை செய்யவும் இருந்த உரிமை. அந்த உரிமை இரண்டு பக்கமும் இருந்தது. போலந்துக்காரர் லண்டனுக்கு வந்தது போல, மான்செஸ்டர்காரர் ஸ்பெயினில் வீடு வாங்கிக் குடியேறினார்.

3. 52க்கு 48. நாலு சதவீத வித்தியாசத்துல ஒரு நாட்டோட தலையெழுத்தையே மாத்திடலாமா?

சட்டப்படி பார்த்தால் அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தவில்லை. 2015-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வாக்கெடுப்புச் சட்டத்தில் 'இத்தனை சதவீதம் இருந்தால்தான் செல்லும்' என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. முடிவை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்ற விதியும் கிடையாது. ஆனால் வீடு வீடாக அரசு அனுப்பிய துண்டுப் பிரசுரத்தில், நீங்கள் எடுக்கும் முடிவை அரசு நிறைவேற்றும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு பின்வாங்குவது அரசியலில் நடக்காத காரியமாகிவிட்டது.

என்னைக் கேட்டால், சிக்கல் வித்தியாசம் சின்னதாக இருந்ததில் மட்டும் இல்லை. ஐக்கிய ராஜ்யத்தின் நான்கு பகுதிகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. இங்கிலாந்தும் வேல்ஸும் விலகச் சொன்னன. ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் சுமார் 56 சதவீதமும் நீடிக்கச் சொன்னன. இந்தப் பிளவு 10-ஆம், 16-ஆம் கேள்விகளில் மறுபடி வரும்.

4. இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்த என் தம்பி ஓட்டுப் போட்டேன்னு சொல்றான். கதை விடுறானா?

கதை இல்லை, உண்மை. பிரிட்டனில் சட்டப்படி வசித்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், ஓட்டு இருந்தது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் அடங்கும். சென்னையிலிருந்து முதுகலை படிக்க வந்த மாணவர்கூடப் போட்டிருக்கலாம்.

ஓட்டு இல்லாதவர்கள் யார் என்று பார்த்தால் மனசு கனக்கிறது. பிரிட்டனில் இருபது வருடம் வரி கட்டிய பிரெஞ்சு, ஜெர்மன், போலிஷ் குடிமக்களுக்கு ஓட்டு இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் குடிமக்கள் மட்டும் விதிவிலக்கு. வெளிநாட்டில் 15 வருடத்துக்கு மேல் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்களுக்கும் இல்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் இல்லை. 2014-ல் ஸ்காட்லாந்து தனிநாடு வாக்கெடுப்பில் அந்த வயதுக்காரர்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். முடிவால் அதிகம் பாதிக்கப்படப் போகிறவர்களில் பெரும் பகுதியைக் கேட்காமலேயே கேள்வி கேட்கப்பட்டது என்பது என் வருத்தம்.

5. விலகணும்னு ஓட்டுப் போட்டவங்க எல்லாரும் நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்கள வெறுக்கறவங்கதானே?

அப்படிச் சொல்லிவிட்டுப் போவது எளிது, ஆனால் சரியில்லை. சண்டர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கட்டும் தளங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் மூடிப்போன ஊர். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நிசான் கார் தொழிற்சாலைதான் அங்கே பெரிய வேலைவாய்ப்பு. ஆனாலும் 61 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். அந்த இரவில் ஆரம்பத்திலேயே வந்த முடிவுகளில் அதுவும் ஒன்று. அறிவித்த உடனே பவுண்டு சரியத் தொடங்கியது. நாற்பது வருடமாக யாரும் எங்களைக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்டார்கள், சொன்னோம் என்ற மனநிலை அந்த வட்டாரம் முழுக்க இருந்தது.

குடியேற்றமும் உண்மையான காரணம்தான். 2004-ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, முதல் நாளிலிருந்தே வேலைச் சந்தையைத் திறந்துவிட்டவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டும். ஆண்டுக்கு 13,000 பேர் வரை வரலாம் என்பது அரசுக்காகத் தயாரித்த கணிப்பு. வந்ததோ பல மடங்கு. லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் என்ற சிற்றூரில் காய்கறிப் பண்ணை வேலைக்காகப் போலந்து, லிதுவேனியா மக்கள் ஏராளமாக வந்தார்கள். வீட்டு வாடகை, மருத்துவர் அப்பாயின்ட்மென்ட், பள்ளி இடம் எல்லாம் இறுகின. அங்கே 75.6 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். நாட்டிலேயே அதுதான் அதிகம். நம் ஆட்களும் கணிசமாக அந்தப் பக்கம் போட்டார்கள். ஐரோப்பியர்களுக்குக் கதவு மூடினால் நம் நாட்டுச் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று தெற்காசிய உணவகக்காரர்களிடம் பிரசாரகர்கள் சொன்னதும் அதற்கு ஒரு காரணம்.

அதே சமயம் வெறுப்பு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, நீடிக்கும் பக்கம் நின்ற தொழிற்கட்சி எம்.பி. ஜோ காக்ஸ் தன் தொகுதியில் தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார். கொன்றவன் வெள்ளை இனவெறியன். முடிவு வந்த வாரங்களில் வெறுப்புக் குற்றப் புகார்களும் கூடின. பேருந்தில் தமிழில் பேசத் தயங்கிய அம்மாக்களை எனக்குத் தெரியும்.

6. பஸ்ல 350 மில்லியன்னு எழுதியிருந்தாங்களே, அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சா?

விலகல் பிரசாரத்தின் சிவப்புப் பேருந்தில் இருந்த வாசகம் அது: வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை தேசிய சுகாதாரச் சேவைக்குக் கொடுப்போம் என்ற பொருளில். அந்த எண் மொத்தக் கணக்கு. 1984-ல் பிரதமர் மார்கரெட் தாட்சர் வாங்கிய தள்ளுபடியைக் கழித்துக்கொண்டுதான் பிரிட்டன் பணமே கட்டியது. அப்படிக் கட்டியதிலும் ஒரு பகுதி விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் திரும்பி வந்தது. இந்த எண் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று அரசின் புள்ளியியல் ஆணையமே வாக்கெடுப்புக்கு முன்பே கண்டித்தது.

சுகாதாரத்துக்கு அப்புறம் நிதி கூடியது உண்மை. ஆனால் அது வரியிலிருந்தும் கடனிலிருந்தும் வந்தது. ஒன்றியத்துக்குக் கட்டாமல் மிச்சப்படுத்திய பணம் என்று சொல்ல வழியில்லை.

7. வெளிய போறதுக்கே காசு கட்டினாங்களாமே?

ஆமாம். உறுப்பினராக இருந்தபோது ஒப்புக்கொண்ட திட்டச் செலவுகளிலும் அதிகாரிகளின் ஓய்வூதியத்திலும் பிரிட்டனின் பங்கு அது. தெரசா மே காலத்தில் 3,500 கோடி முதல் 3,900 கோடி பவுண்டு வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். பல ஆண்டுகளில் பிரித்துக் கட்டுகிறார்கள்.

8. ஓட்டு 2016-ல, போனது 2020-ல. நடுவுல நாலு வருஷம் என்னதான் பண்ணிட்டிருந்தாங்க?

எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. வாக்குச்சீட்டில் இரண்டு கட்டங்கள்: நீடிக்க வேண்டும், விலக வேண்டும். பென்சிலால் ஒரு குறி. எப்படி விலகுவது என்று சீட்டு கேட்கவில்லை. நார்வே போல ஒற்றைச் சந்தையில் இருந்துகொண்டே விலகலாம். துருக்கி போல சுங்க ஒன்றியம் வைத்துக்கொள்ளலாம். கனடா போல வெறும் வர்த்தக ஒப்பந்தத்தோடு நிற்கலாம். ஒப்பந்தமே இல்லாமலும் போகலாம். 1 கோடியே 74 லட்சம் பேர் இவற்றில் எதற்கு ஓட்டுப் போட்டார்கள்? யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு பதிலை மனதில் வைத்துக்கொண்டு ஒரே கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள்.

தெரசா மே பிரதமரானார். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் விலகல் அறிவிப்பைக் கொடுக்க முடியாது என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச் 29 அன்று, ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆவது பிரிவின்படி அறிவிப்பு போனது. அதிலிருந்து இரண்டு வருடக் கெடு. அப்புறம் அவர் தானாகவே தேர்தல் வைத்து இருந்த பெரும்பான்மையை இழந்தார். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்னும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் 10 எம்.பி.க்களை நம்பி ஆட்சி நடத்த வேண்டி வந்தது. ஒன்றியத்தோடு பேசி அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று சபை தூக்கி எறிந்தது. இரண்டாம் முறையும் தோல்வி, மூன்றாம் முறையும் தோல்வி.

மார்ச் 27 அன்று எம்.பி.க்கள் எட்டு மாற்று வழிகளை வைத்துத் தாங்களே வாக்களித்தார்கள். எட்டில் ஒன்றுக்குக்கூடப் பெரும்பான்மை இல்லை. சுங்க ஒன்றியம் என்ற யோசனை ஆறு ஓட்டில் தோற்றது. ஐந்து நாள் கழித்து மறுபடி வைத்தபோது மூன்றே ஓட்டில் தோற்றது. அந்த மூன்று பேர் மாற்றிப் போட்டிருந்தால் இன்று பிரான்ஸுக்குக் கப்பல் போகும் டோவர் துறைமுகமே வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

மேயும் விலகினார். 2019 ஜூலையில் போரிஸ் ஜான்சன் வந்தார். நாடாளுமன்றத்தை ஐந்து வாரத்துக்கு என்று முடக்கினார்; அது சட்டவிரோதம் என்று செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். டிசம்பர் தேர்தலில் 80 இடங்கள் பெரும்பான்மையோடு ஜெயித்து, அடுத்த மாதமே வெளியேறும் சட்டத்தை நிறைவேற்றினார்.

9. இவ்ளோ குழப்பம்னா, மக்கள்கிட்டயே இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே?

கேட்கச் சொல்லி லட்சக்கணக்கானோர் லண்டனில் ஊர்வலம் போனார்கள். விலகல் அறிவிப்பையே ரத்து செய்யுங்கள் என்ற மனுவில் 60 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. பிரிட்டன் நினைத்தால் தனியாகவே அறிவிப்பைத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆக, வழி இருந்தது.

பெரும்பான்மை இல்லை. முந்தைய பதிலில் சொன்ன எட்டு யோசனைகளில் மறுவாக்கெடுப்பும் ஒன்று, அதுவும் தோற்றது. ஒருமுறை மக்கள் சொன்ன பதில் பிடிக்கவில்லை என்று திரும்பக் கேட்டால், முதலில் ஓட்டுப் போட்ட சண்டர்லாந்துக்காரர் என்ன நினைப்பார் என்ற கேள்விக்கு நீடிக்க விரும்பியவர்களிடமும் நல்ல பதில் இருக்கவில்லை. நான் மறுவாக்கெடுப்பு வேண்டும் என்று நினைத்தவன். ஆனாலும் அந்த எதிர்வாதத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

10. வட அயர்லாந்து, வட அயர்லாந்துன்னு ஏன் எப்பப் பார்த்தாலும் அதே பேச்சு? அவ்ளோ சின்ன இடம்தானே?

மக்கள்தொகை சுமார் 19 லட்சம்தான். ஆனால் பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே நிலவழி எல்லை அங்கேதான் நீளமாக ஓடுகிறது. தெற்கே அயர்லாந்துக் குடியரசு, ஒன்றியத்தின் உறுப்பினர். எல்லை சுமார் 500 கிலோமீட்டர், கடக்கும் சாலைகள் இருநூறுக்கு மேல். சில பண்ணைகளின் நடுவிலேயே கோடு போகிறது. வடக்கே கறந்த பால் லாரியில் தெற்கே போய்ப் பதப்படுத்தப்படுகிறது. இன்றைக்குக் காரில் போனால், வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வருவதை வைத்துத்தான் நாடு மாறியதே தெரியும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்களுக்கும் நடந்த முப்பது வருட மோதலில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். எல்லையில் ராணுவக் கோபுரங்களும் சோதனைச் சாவடிகளும் நின்றன. 1998 ஏப்ரலில் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அவை மறைந்தன. அங்கே மறுபடி சுங்கச்சாவடி வைத்தால் அது முதல் குண்டுக்கு இலக்காகும் என்ற பயம் நிஜமானது. போரைப் பார்த்த சமூகமான நமக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

சரி, சோதனை எங்கேயாவது நடக்க வேண்டுமே. ஜான்சன் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டில் அது கடலுக்குப் போனது: வட அயர்லாந்து பொருள்களைப் பொறுத்தவரை ஒன்றிய விதிகளைப் பின்பற்றும், பிரிட்டனின் மற்ற பகுதிகளிலிருந்து அங்கே போகும் சரக்கைத் துறைமுகத்தில் சோதிப்பார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஒன்றியவாதிகள் இதைத் தங்களைப் பிரித்துவிட்டதாகப் பார்த்தார்கள். 2022 பிப்ரவரியில் அவர்களின் முதலமைச்சர் விலகி, மாகாண ஆட்சி இரண்டு வருடம் முடங்கியது. 2023 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையன் இருவரும் வின்ட்சர் கட்டமைப்பை அறிவித்தார்கள். வட அயர்லாந்திலேயே விற்கப்படும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்பு வழி. சூப்பர் மார்க்கெட்டில் பால், இறைச்சிப் பாக்கெட்டுகளில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான். 2024 பிப்ரவரியில் ஆட்சி மீண்டும் அமைந்தது. மிஷெல் ஓ'நீல், ஐரிஷ் தேசியவாதத் தரப்பிலிருந்து வந்த முதல் முதலமைச்சர்.

11. வரியே இல்லாத ஒப்பந்தம் போட்டாச்சாமே. அப்புறம் ஏன் கடைக்காரங்க புலம்புறாங்க?

2020 டிசம்பர் 24 அன்று முடிவான வர்த்தக ஒப்பந்தத்தில் பொருள்களுக்குச் சுங்கவரி இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் காகிதம் இருக்கிறது. சுங்க அறிவிப்பு வேண்டும். பொருள் உண்மையில் பிரிட்டனில்தான் தயாரானது என்று காட்ட வேண்டும். வேறு நாட்டிலிருந்து இறக்கியதை அப்படியே மறு ஏற்றுமதி செய்தால் வரிச்சலுகை கிடையாது. மாமிசம், பால், மீன் என்றால் கால்நடை மருத்துவரின் சான்றிதழ். 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மதிய சாண்ட்விச்சையே, உள்ளே ஹாம் இருந்ததால், அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விதி அப்படி.

பெரிய நிறுவனம் இதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும். சிறு வியாபாரிக்குத்தான் அடி. ஒரே லாரியில் பத்துப் பேரின் சரக்கு சேர்ந்து போகும்போது, ஒருவரின் காகிதத்தில் தவறு இருந்தால் மொத்த லாரியும் நிற்கும். மசாலாப் பொடியும் ஊறுகாயும் பாரிஸ் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சிலர் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

12. பொருளாதாரம் படுத்துடுச்சுன்னு ஒருத்தர் சொல்றார், ஒண்ணுமே ஆகலைன்னு இன்னொருத்தர் சொல்றார். எது உண்மை?

இரண்டிலும் கொஞ்சம். விலக வாக்களித்தால் உடனே மந்தநிலை வரும் என்று நிதி அமைச்சகம் எச்சரித்திருந்தது, வரவில்லை. வேலையில்லாத் திண்டாட்டமும் வெடிக்கவில்லை. ஆனால் பவுண்டு அந்த ஒரே இரவில் 1.50 டாலரிலிருந்து 1.33-க்குக் கீழே போனது. 1985-க்குப் பிறகு அவ்வளவு இறங்கியதில்லை. ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அந்த வாரமே வித்தியாசத்தைப் பார்த்தார்கள். இறக்குமதி விலை ஏறியது. நிறுவனங்கள், என்ன ஆகுமோ என்று முதலீட்டைத் தள்ளிப்போட்டன.

அரசின் நிதிக் கணிப்பு அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் வைத்திருக்கும் மதிப்பீடு: ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய அளவைவிட உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும். இது ஒரே நாளில் இடிந்து விழும் வீடு இல்லை. மெதுவாகக் கசியும் கூரை. நடுவில் கொரோனாவும் உக்ரைன் போரும் வந்ததால் எது எதனால் என்று பிரிப்பது கடினம். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டுதான் இரண்டு தரப்பும் தமக்குப் பிடித்ததைச் சொல்கின்றன.

13. வெளிநாட்டுக்காரங்க வரவு குறையணும்னுதானே ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் எப்படி ஜாஸ்தியாச்சு?

2021 ஜனவரியிலிருந்து புள்ளி அடிப்படையிலான விசா முறை வந்தது. ஐரோப்பியர், மற்றவர் என்ற பேதம் போய் எல்லோருக்கும் ஒரே விதி. ஐரோப்பியர் வரவு சரிந்தது. சில ஆண்டுகளில் வந்தவர்களைவிடப் போனவர்கள் அதிகம். அந்த இடத்தில் ஆள் தேவை அப்படியே இருந்தது. 2022-ல் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் விசா திறந்தார்கள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேலை பார்க்க அனுமதியும் வந்தது. கேரளம், தமிழ்நாடு, நைஜீரியா, ஜிம்பாப்வே என்று வந்து குவிந்தார்கள். உக்ரைனியர்கள், ஹாங்காங்வாசிகளும் சேர்ந்தார்கள். நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்ணிக்கை, 2023-ல் 9 லட்சத்தைத் தாண்டியது. வாக்கெடுப்பு நடந்த சமயத்தில் அது 3 லட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று 2024 ஜனவரியில், பராமரிப்புப் பணியாளர்களுக்கு அதே தடை மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாக எடுப்பதே 2025 ஜூலையில் நின்றது. எண்ணிக்கை வேகமாக இறங்கிவிட்டது. யாராவது ஏஜென்ட் இன்னும் 'கேர் விசா' தருகிறேன் என்று ஊரில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

14. எங்களிட்ட இருக்கிறது பிரெஞ்சு பாஸ்போர்ட். 2013-ல பிள்ளையளின்ர படிப்புக்காக லண்டன் வந்தனாங்கள். எங்கட நிலைமை என்ன?

இந்தக் கேள்வி நிறைய வீடுகளில் இருக்கிறது. ஈழத்திலிருந்து அகதியாகப் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் போய், அங்கே குடியுரிமை எடுத்து, ஆங்கிலப் படிப்புக்கும் சொந்தபந்தத்துக்கும் பிரிட்டன் வந்து குடியேறியவர்கள் ஏராளம். 2-ஆம் பதிலில் சொன்ன உரிமையை வைத்துத்தான் வந்தார்கள். 2016-ல் அவர்களுக்கு ஓட்டும் இல்லை.

2020 டிசம்பர் 31-க்கு முன்பே இங்கே வசித்தவர்களுக்காக ஒரு குடியிருப்புத் திட்டம் வந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்திருந்தால் நிரந்தர நிலை, குறைவாக இருந்தால் தற்காலிக நிலை. கடைசித் தேதி 2021 ஜூன் 30. பெற்றோருக்குக் கிடைத்தால் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். இதில்தான் பல குடும்பங்கள் தடுமாறின. தவறவிட்டவர்கள் தக்க காரணம் காட்டித் தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம், ஆனால் எந்தக் காரணத்தை ஏற்பது என்பதில் கெடுபிடி கூடிவிட்டது. தற்காலிக நிலைக்காரர் இரண்டாம் முறை விண்ணப்பிக்காததால் மட்டும் உரிமையை இழக்கக்கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு கெடுவைத் தானாக நீட்டிக்கிறார்கள்.

கையில் அட்டை எதுவும் வராது, எல்லாம் இணையத்தில். வேலைக்கோ வீட்டு வாடகைக்கோ கேட்டால் உங்கள் நிலையை அவர்கள் இணையத்தில் பார்க்க உதவும் ஷேர் கோட் எடுத்துக் கொடுக்க வேண்டும். வயதானவர்களின் கணக்கு அவர்களின் பழைய கைபேசி எண்ணோடு இணைந்திருக்கும். எண் மாறியிருந்தால் உள்ளே நுழையவே முடியாது. இன்றைக்கே அம்மா அப்பாவின் கணக்கைத் திறந்து பாருங்கள். புது பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அந்த எண்ணையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் சொந்த வழக்குக்கு, அரசிடம் பதிவு பெற்ற ஆலோசகரிடம் மட்டும் போங்கள்.

15. இங்க வேலை விசால இருக்கேன், இந்திய பாஸ்போர்ட். முன்னாடி மாதிரி பாரிஸ் போக முடியாதா?

உங்களுக்கு எதுவும் மாறவில்லை. பிரிட்டன் ஷெங்கனில் இல்லாததால் அன்றும் ஷெங்கன் விசா வேண்டும், இன்றும் வேண்டும். மாறியது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு: விசா வேண்டாம், ஆனால் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கி பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இதைப் பார்க்காமல் விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு.

16. ஸ்காட்லாந்து தனியாப் போயிடும்னு சொன்னாங்களே?

2014-ல் 55க்கு 45 என்று பிரிட்டனோடு இருக்கவே அவர்கள் முடிவு செய்தார்கள். பிரிட்டனில் இருந்தால்தான் ஐரோப்பாவில் இருக்கலாம் என்பது அன்றைய வாதங்களில் ஒன்று. அதனால்தான் 2016-க்குப் பிறகு கோபம். ஆனால் லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் சம்மதிக்காமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புச் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கேயே நிற்கிறது.

17. திருப்பூருக்கு இதனால லாபம்னு என் மச்சான் சொல்றாரு. பிரெக்ஸிட்டுக்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஒன்றிய உறுப்பினர் தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. விலகியதால்தான் பிரிட்டன் இந்தியாவோடு தனியாகப் பேச முடிந்தது. 2022 ஜனவரியில் ஆரம்பித்து, அந்தத் தீபாவளிக்குள் முடிப்போம் என்றார்கள். 2025 ஜூலை 24 அன்றுதான் கையெழுத்தானது. இந்திய ஆயத்த ஆடைகளுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி இருந்த இறக்குமதி வரி இந்த ஒப்பந்தத்தில் நீங்குகிறது. வங்கதேசச் சரக்குக்கு ஏற்கெனவே வரி இல்லை. அந்தப் போட்டியில்தான் திருப்பூர் பின்தங்கியிருந்தது. பதிலுக்கு, ஸ்காட்ச் விஸ்கிக்கு இந்தியா விதித்த 150 சதவீத வரி முதலில் பாதியாகி, பத்து வருடத்தில் 40 ஆகும்.

ஆனால் பிரிட்டன் பக்கமிருந்து பார்த்தால் அளவு வேறு. அதன் மொத்த வர்த்தகத்தில் பாதியை ஒட்டிய பங்கு இன்னும் பக்கத்து வீடான ஐரோப்பிய ஒன்றியத்தோடுதான். தூரத்து ஒப்பந்தங்கள் நல்லவை. 11-ஆம் பதிலில் சொன்ன இழப்பை அவை ஈடுகட்டவில்லை.

18. இப்பப் பாதிக்கு மேல 'தப்புப் பண்ணிட்டோம்'னு சொல்றாங்களாமே. திரும்பச் சேர்ந்துக்க வேண்டியதுதானே?

கருத்துக்கணிப்புகள் சில ஆண்டுகளாகவே அப்படிச் சொல்கின்றன. ஆனால் தவறு என்று நினைப்பது வேறு, மறுபடி அந்தச் சண்டைக்குத் தயாராவது வேறு. சேர வேண்டுமானால் 49-ஆவது பிரிவின்படி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 2-ஆம், 6-ஆம் பதில்களில் சொன்ன யூரோ விலக்கும் தாட்சரின் தள்ளுபடியும் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. புதிதாகச் சேரும் நாடுகள் யூரோவை ஏற்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும்.

2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த கியர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி, ஒற்றைச் சந்தை வேண்டாம், சுங்க ஒன்றியம் வேண்டாம், தடையற்ற குடியேற்றம் வேண்டாம் என்று சொல்லித்தான் தேர்தலில் நின்றது. அதற்குள் நின்றுகொண்டு துண்டு துண்டாக நெருங்குகிறார்கள். ஒன்றியத்தின் ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டத்தில் பிரிட்டன் 2024 ஜனவரியிலேயே திரும்பச் சேர்ந்துவிட்டது. அது சுனக் காலத்தில் முடிவானது. 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில், உணவுப் பொருள்களுக்கான சான்றிதழ்களைக் குறைக்கவும் இளைஞர்கள் இரு பக்கமும் சில காலம் போய் வேலை செய்யவும் படிக்கவும் வழி செய்யவும் பேசுவதாக ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு, பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகள் மீன் பிடிக்க 2026 ஜூன் வரை இருந்த ஏற்பாட்டை 2038 வரை நீட்டித்தார்கள். மீனவர் சங்கங்கள் அன்றைக்கே எதிர்ப்புத் தெரிவித்தன.